தடையின்மை என்னும் காரணம்

எந்தக் காரியத்தைத் தொடங்கும்போதும் விநாயகரை வணங்கித் தொடங்குவது நம் நாட்டில் ஆஸ்திகர்களின் வழக்கம் மட்டுமன்று. கடவுளைப் பற்றி அதிகமாகக் கவலைப்படாதவர்கள்கூடக் கடிதத்தின் தலையில் ஒரு பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டுத்தான் 'நலம், நலமறிய அவா' என்று எழுதிவந்தார்கள். அவ்வாறு வணங்கித் தொடங்கிய காரியமும் சில சமயம் பாதியில் நின்றுபோகிறது. வணக்கத்தை நினைத்தும் பாராமல் தொடங்கியவனுடைய காரியம் பழுதின்றி முடிந்துவிடுகிறது. அப்படியானால் வணக்கத்துக்கும் நிறைவேற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வியை நாஸ்திகர்கள்தான் கிளப்பினார்கள் என்று நினைப்பது பிசகு. வடமொழித் தர்க்க நூல்களின் வாசற்படியிலேயே, பரம ஆஸ்திகர்களான ஆசிரியர்கள் அதைத் தாமே எழுப்பிக்கொண்டு, தாட்சணியமில்லாமல் விசாரித்திருக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் மிதிலையில் வாழ்ந்த கங்கேச உபாத்தியாயர் தம்முடைய தத்துவசிந்தாமணியை மங்களவாதம் என்னும் இந்த விசாரணையோடுதான் ஆரம்பிக்கிறார். அதை இக்காலத்து உத்தியோகம் ஒன்றில் பொருத்திப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, மேஜைக் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் மென்பொருளை ஏற்ற முயன்று தோற்பதைவிடத் தகுந்த உதாரணம் கிடைப்பது அரிது. காரியம் நின்ற இடமும், நின்றதற்கு உரிய காரணமும், அது நீங்கிய விதமும் அங்கே எழுத்திலேயே பதிவாகிக் கிடக்கின்றன; வாழ்க்கையின் மற்றத் தோல்விகளில் அந்தச் சௌகரியம் நமக்கு வாய்ப்பதில்லை.

மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றை வைத்துக்கொள்வோம். பழைய கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டதென்று முதலாளி புதிதாக ஒன்று வாங்குகிறார். நல்ல நாள் பார்த்து, கேபினெட்டின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, சூடம் காட்டியபின், பில் போடும் மென்பொருளை ஏற்றித் தரும் இளைஞனைக் கூப்பிடுகிறார். அந்த மென்பொருள் தனியே நிற்கக்கூடியதன்று. கொள்முதல், விற்பனை, கையிருப்பு, பாக்கி என்ற கணக்குகளையெல்லாம் வாங்கி வைத்துக் காக்கிற டேட்டாபேஸ் ஒன்று அடியில் இருந்தாக வேண்டும்; மைக்ரோசாப்ட் இலவசமாகத் தருகிற எஸ்.க்யூ.எல். சர்வர் 2019 எக்ஸ்பிரஸ் அந்த வேலைக்கு என்று வைத்துக்கொள்வோம். இளைஞன் செட்டப்பை ஓடவிடுகிறான். செட்டப் முதலில் தன் விதிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறது: ரீஸ்டார்ட் ஏதேனும் பாக்கி நிற்கிறதா, ஓட்டுகிறவனுக்கு நிர்வாகி உரிமை உண்டா, பயர்வால் குறுக்கே நிற்குமா. பயர்வாலுக்கு மட்டும் ஒரு மஞ்சள் எச்சரிக்கை, மற்றவற்றுக்கெல்லாம் பச்சை. அதன்பிறகு பச்சைப் பட்டை நகரத் தொடங்கி, பெரும்பங்கு தூரம் ஓடி, ஓரிடத்தில் அசையாமல் நின்றுகொண்டு, பார்க்கிறவனுடைய பொறுமை தீரும் சமயத்தில் ஒரு சிறு பெட்டியை எழுப்புகிறது: டேட்டாபேஸ் எஞ்சினின் ரெக்கவரி ஹேண்டிலுக்குக் காத்திருந்தது பலிக்கவில்லை, காரணங்களை அறிய எஸ்.க்யூ.எல். சர்வரின் எரர் லாகைப் பார்க்கவும். கடைசித் திரையில் உபகரணங்கள் சிலவற்றுக்குப் பச்சை அடையாளமும், எது இல்லாவிட்டால் மற்றவை இருந்தும் பயனில்லையோ அந்த எஞ்சினுக்குச் சிவப்புப் பெருக்கற்குறியும் விழுந்திருக்கின்றன.

"ஏன் தம்பி, பூஜை போட்டுத்தானே ஆரம்பிச்சோம்?" என்கிறார் முதலாளி.

"மெஷின்ல குறை ஒண்ணும் இல்லை அண்ணாச்சி. எல்லாமே புதுசு" என்கிறான் அவன்.

இருவரும் தம்மை அறியாமலே தர்க்க சாஸ்திரத்தின் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். அவர் கேட்டது மங்களத்தின், அதாவது தொடக்க வணக்கத்தின், பலனைப் பற்றி. இவன் சொன்னது காரணங்களின் நிறைவைப் பற்றி. பின்னதை முதலில் தீர்த்துக்கொண்டால் முன்னது எளிதாகும்.

காரியம் பிறப்பதற்குக் காரணம் என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது, வேண்டிய காரணங்கள் யாவும் ஒருங்கே கூடிய சாமக்கிரி இருந்தாக வேண்டும் என்பது தர்க்க நூலாராகிய நையாயிகர் கொள்கை. கடையில் அந்தக் கூட்டம் குறைவறக் கூடியிருந்தது என்றுதான் தோன்றுகிறது. செட்டப் கோப்பு பழுதற்றது, டிஸ்க்கில் இடம் ஏராளம், மெமரி தாராளம், உரிமை உண்டு, கரண்டும் போகவில்லை. இருந்தும் காரியம் பிறக்கவில்லை. இதற்குச் சமமான வழக்கொன்று தர்க்க நூல்களில் உண்டு. நெருப்பு சுடும் இயல்புடையது. சந்திரகாந்த மணியை அதன் அருகில் வைத்தால் சுடாது. மணியை எடுத்துவிட்டால் மறுபடியும் சுடும் என்பது அக்காலத்தார் எடுத்துக்கொண்ட திருஷ்டாந்தம். அப்படி ஒரு மணி உலகில் உண்டா என்று ரசாயன நிபுணரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. காரணங்கள் யாவும் கூடியிருந்தும், ஏதோ ஒன்றின் சந்நிதியில் காரியம் பிறவாமல் நிற்கிற நிலைமை உண்டு என்று ஒப்பினால் போதும். வேத வாக்கியங்களை விசாரிக்கிற மீமாம்சகர் இதற்கு ஒரு சமாதானம் சொன்னார்கள்: நெருப்பின் வடிவத்துக்கு வேறாக, கண்ணுக்குப் புலப்படாத சக்தி ஒன்று அதில் இருக்கிறது, மணி வந்ததும் அது அழிகிறது, மணி விலகியதும் மீண்டும் பிறக்கிறது. நையாயிகர் ஒப்பவில்லை. மணியை வைக்கும்தோறும் ஒரு சக்தி செத்து, எடுக்கும்தோறும் ஒரு சக்தி பிறக்கிறதென்று கணக்கற்ற ஜனன மரணங்களைக் கற்பித்துக்கொள்வதைவிட, மணியின் இன்மையையும் சுடுவதற்குரிய காரணங்களில் ஒன்றாகச் சேர்த்துவிடுவது லாகவமன்றோ என்றார்கள். இன்மை வெறும் சூனியமாயிற்றே, சூனியம் எப்படி ஒன்றைப் பிறப்பிக்கும் என்று எதிர்க்கட்சியார் மடக்கினார்கள். தடியால் அடித்தபோது குடத்தின் இன்மை பிறந்ததென்று, அதாவது இன்மை ஒரு காரியமாகக் கூடுமென்று, எல்லோரும் சம்மதிக்கும்போது, அது காரணமாவதற்கு மட்டும் என்ன ஆட்சேபம் என்பது நையாயிகரின் பதில். 10-ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த உதயனாசாரியர் இந்த வழக்கை எடுத்து வாதித்தது ஏதோ பௌதிக நூலில் அன்று. ஈசுவரன் உண்டென்று ஸ்தாபிப்பதற்காகவே அவர் இயற்றிய நியாயகுசுமாஞ்சலியில்.

மீமாம்சகர் கட்சியை நான் இலேசாக ஒதுக்கிவிட மாட்டேன். சைவ சித்தாந்தத்தைப் போன்ற பெருஞ்சமயங்கள் சக்தி என்ற தத்துவத்தின்மேல்தான் நிற்கின்றன. ஆனால் கடையில் நிற்கிறவர்களுக்கு அந்தக் கட்சி நல்ல வழித்துணையன்று. இந்த மெஷின் ராசியில்லை, இதில் சத்து இல்லை, மாற்றிவிடு என்று சொல்லுகிறவர் மீமாம்சகரின் தூரத்து உறவினர். சக்தி போய்விட்டது என்றபின் தேடுவதற்கு அவருக்கு ஒன்றுமில்லை. மணி எங்கோ இருக்கிறது என்று நினைக்கிறவனுக்கோ தேட ஒரு பொருள் இருக்கிறது.

தேடுகிற முறையில்தான் பிரமாணங்களின் தாரதம்மியம் தெரிகிறது. இளைஞன் முதலில் செய்வது தேடலன்று. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கிறான். கோப்பைப் புதிதாக இறக்கி மறுபடி ஓட்டுகிறான். இவை காரணத்தை ஊகித்துச் செய்த காரியங்கள் அல்ல. கை சும்மா இருக்கக் கூடாமையால் செய்தவை. இதில் ஒரு கேடும் உண்டு. முந்திய முயற்சி பாதியில் நின்றபோது அது படைத்த போல்டர்களும், சர்வீஸ் பட்டியலில் ஏறிவிட்ட பெயரும், ரெஜிஸ்ட்ரியில் விழுந்த வரிகளும் அங்கேயே தங்கியிருப்பதால், அடுத்த முயற்சி வெறுந்தரையில் தொடங்குவதில்லை. அதே பெயரில் இன்ஸ்டன்ஸ் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதென்று செட்டப் மறுக்கும்போது, முதல் தோல்வியின் காரணத்தைத் தேட வந்தவன் இரண்டாவது தோல்வியின் காரணத்தைப் பிடித்துக்கொண்டு அல்லாடுகிறான். சம்ஸ்காரம், வாசனை என்று இதை வர்ணித்து, பூர்வஜன்மக் கதையொன்று சொல்ல மனம் துள்ளும். நான் அந்த வழியில் போகவில்லை. அது அதிகச் சுலபமான வழி.

பிரத்தியட்சம் அவனுக்குக் கொடுப்பது ஒரு சிவப்பு அடையாளம். அதற்குமேல் அது ஊமை. அனுமானம் சற்று உதவுகிறது. இதே கோப்பு, இதே இளைஞனுடைய கையால், பக்கத்து மேஜையில் விண்டோஸ் 10 ஓடுகிற பழைய கம்ப்யூட்டரில் தகராறின்றி ஏறிவிடுகிறது. ஆதலால் கோப்பின்மேல் குற்றமில்லை, கையின்மேலும் குற்றமில்லை. இருந்தால் இருத்தல், இல்லாவிட்டால் இல்லாதிருத்தல் என்று அன்வய வியதிரேகங்களைப் பிடித்துக்கொண்டு குறுக்கிக் குறுக்கி வந்தால் புதிய மெஷின் என்ற வட்டத்துக்குள் மணி அகப்பட்டுவிடுகிறது. ஆனால் அந்த வட்டத்துக்குள் எது மணி என்பதை அனுமானம் சொல்லாது. அதற்குச் சப்தப் பிரமாணத்திடம்தான் போக வேண்டும். விஷயத்தை உள்ளபடி அறிந்து, அறிந்தபடி சொல்லுகிறவனே ஆப்தன். அவன் வாக்கியமே பிரமாணம். திரையில் எழுந்த சிறு பெட்டி பொய் சொல்லவில்லை. ஆனால் அது விஷயம் அறிந்ததன்று: எஞ்சின் எழுந்து வரும் என்று வாசலில் காத்திருந்தது, வரவில்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். உள்ளே என்ன நடந்ததென்று அறிந்தது எஞ்சின் ஒன்றே. அது சாகுமுன் எழுதிவைத்த வாக்குமூலம் எரர் லாக் என்ற பெயரோடு லாக் போல்டரில் கிடக்கிறது. சிறு பெட்டியும், தன் நேர்மைக்கு அடையாளமாக, அங்கே போய்ப் பார் என்றுதான் கை காட்டியிருந்தது. அதைப் படிக்காமல் பெட்டியை மூடுகிறவர்களே உலகில் மிகுதி.

வாக்குமூலம் சொல்லுவது இது: மாஸ்டர் டேட்டாபேஸ் கோப்பு 4096 என்ற செக்டர் அளவில் உருவாக்கப்பட்டது, இப்போது அது 16384 என்ற செக்டர் அளவுள்ள டிஸ்க்கில் இருக்கிறது, ஆகையால் பயன்படுத்த முடியாது.

செக்டர் என்பது டிஸ்க்கில் எழுதும் துண்டு. டேட்டாபேஸுக்கு அந்தத் துண்டின் அளவைப் பற்றி இவ்வளவு கவலை ஏன் என்றால், எழுதுகிற நடுவில் கரண்டு போய்விட்டாலும் ஒரு துண்டு முழுதும் எழுதப்பட்டிருக்கும் அல்லது எழுதப்படாமலே இருக்கும், பாதி எழுத்தாக நிற்காது என்ற உறுதியின்மேல்தான் அதனுடைய கணக்கு முழுவதும் நிற்கிறது. எஸ்.க்யூ.எல். சர்வர் 512 பைட் துண்டையும் 4096 பைட் துண்டையும் அறியும். அவற்றுக்கு மேற்பட்டதை அறியாது. படிக்கணக்கில் பழகிய கணக்கப்பிள்ளையிடம் மரக்காலைக் கொடுத்தால் நெல்லின்மேல் குற்றமில்லாமலே கணக்கு நின்றுபோகும். கட்டளைத் திரையைத் திறந்து, டிஸ்க்கின் செக்டர் விவரத்தைக் கேட்கும் எஃப்.எஸ்.யுடில் என்ற கட்டளையைக் கொடுத்தால், பௌதிக அளவு என்ற இரண்டு வரிகளிலும் 16384 என்று நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். ஆப்தவாக்கியம் சொன்னதைப் பிரத்தியட்சம் இவ்வாறு உறுதிப்படுத்துகிறது; தர்க்க நூலார் விரும்பும் வரிசையும் அதுதான்.

இங்கே நின்று பார்க்கவேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. இந்தத் தடை எந்தக் குறையாலும் விளைந்ததன்று. டிஸ்க் பழையதன்று; மிகவும் வேகமான என்.வி.எம்.இ. இனத்தைச் சேர்ந்தது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-க்கு முந்திய காலத்தில் இதே டிஸ்க்கின்மேல் இதே மென்பொருள் ஏறியிருக்கும். ஏனென்றால் அப்போதைய டிரைவர், டிஸ்க்கின் மெய்யான துண்டளவைச் சொல்லாமல், மற்றவர்கள் எதிர்பார்க்கிற ஓர் அளவைப் பாவனையாகச் சொல்லிவந்தது. விண்டோஸ் 11-இல் டிஸ்க் தன்னைப் பற்றிச் சொல்லுவதை டிரைவர் அப்படியே வெளியிடத் தொடங்கியது, காரியம் நின்றது. சத்தியம் பேசியதால் நேர்ந்த விக்கினம் இது. மைக்ரோசாப்ட் தன்னுடைய விளக்கக் குறிப்புகளிலேயே கூறுகிற பரிகாரமோ பழைய பாவனையை மறுபடி வரவழைப்பதுதான்: ரெஜிஸ்ட்ரியில் ஸ்டோர்என்விஎம்இ என்ற டிரைவருக்கு உரிய இடத்தில், ஃபோர்ஸ்டு பிசிக்கல் செக்டர் சைஸ் இன் பைட்ஸ் என்று ரயில்வண்டிபோல் நீண்ட பெயருடைய ஒரு பதிவைச் சேர்த்து, அதன் மதிப்பாக ஒரு நட்சத்திரக் குறியையும் 4095 என்ற எண்ணையும் எழுத வேண்டும். 4096 அன்று, 4095. அவசரத்தில் திருத்தி எழுதிவிடுகிற கைகளை நினைத்துச் சொல்லுகிறேன். பிறகு ரீஸ்டார்ட் செய்து, பாதியில் நின்ற முயற்சியின் மிச்சங்களை அகற்றிவிட்டு, செட்டப்பை ஓட்டினால் சிவப்பு விழுந்த இடத்தில் பச்சை விழுகிறது.

டிஸ்க்கை யாரும் மாற்றவில்லை. அதன் உள்ளளவு இன்னும் 16384 தான். மணி நெருப்பின் அருகிலேயே இருக்கிறது; நெருப்பு சுடுகிறது. நையாயிகரின் எதிரிகள் விட்ட கூரிய அம்பும் இதுவே. மணியின் இன்மை காரணம் என்றீரே, மணி இருக்கும்போதே, வேறொரு மணியையோ மந்திரத்தையோ உடன் வைத்தால் நெருப்பு மறுபடி சுடுகிறதே, அப்போது உமது காரணம் இல்லாமலே காரியம் பிறந்துவிட்டதன்றோ என்றார்கள். இந்த இரண்டாவது பொருளுக்கு உத்தேஜகம் என்று பெயர். நையாயிகர் சளைக்கவில்லை. வெறும் மணியின் இன்மையைக் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. உத்தேஜகம் இல்லாத மணியின் இன்மையே காரணம் என்று கூறிவிட்டார்கள். மாணவர்கள் இந்த இடத்தில், அடி வாங்கும்போதெல்லாம் ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொண்டு தப்பித்துக்கொள்ளுகிறார்களே என்று சிரிப்பதுண்டு. ரெஜிஸ்ட்ரியின் அந்த வரியைப் பார்த்தபின் சிரிப்பதற்கில்லை. நிறைவேற்றத்துக்கு வேண்டியது பெரிய செக்டரின் இன்மை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பாவனை வரி இல்லாத பெரிய செக்டரின் இன்மை என்று அடைமொழியோடு சொன்னால்தான் உண்மையாகும். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்தைப் பற்றிச் சொல்லுவதும் இந்த இடத்துக்கு மிக அருகில் வருகிறது. மலம் அநாதி, நித்தியம். முத்தியிலும் அது அழிவதில்லை. திருவருளின் முன்னிலையில் அதன் மறைக்கும் வலி மட்டும் மடங்குகிறது என்பர். விக்கினத்தை நீக்குதல் என்றால் விக்கினப் பொருளை இல்லாமற் செய்தல் என்றுதான் பொருள் கொள்ள வேண்டும் என்பதில்லை.

இதிலிருந்து நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. இன்மைகளும் காரணங்களானால், ஒரு காரியத்தின் காரணங்களை அது வெற்றியடையும்போது நாம் அறிந்துகொள்வதே இல்லை. பழைய கம்ப்யூட்டர்களில் இந்த மென்பொருள் ஏறிய போதெல்லாம், 4096-க்கு மேற்பட்ட செக்டரின் இன்மை ஒரு காரணமாகவே அங்கே நின்றிருக்கிறது. யாரும் அதைக் கண்டதில்லை, எண்ணியதில்லை, செட்டப்பை எழுதிய நிபுணர்களும் தம் சோதனைப் பட்டியலில் அதைச் சேர்த்ததில்லை. ஆகையால்தான் பயர்வால் ஒன்றைத் தவிர மற்ற விதிகள் யாவும் பச்சையாயிருந்தும் எஞ்சின் எழவில்லை. அந்தப் பட்டியலை நன்றாகக் கவனித்தால் அது பெரும்பாலும் இன்மைகளின் பட்டியலே என்று தெரியும்: ரீஸ்டார்ட் பாக்கியின் இன்மை, உரிமைக் குறைவின் இன்மை, பயர்வால் தடையின் இன்மை. அது ஒருநாளும் முடிவடையாத பட்டியல். இருக்கும் காரணங்களை எண்ணி முடிக்கலாம், இல்லாதிருக்க வேண்டியவற்றை எண்ணி முடிக்க முடியாது. ஒவ்வொரு தோல்வியும் அதில் ஒரு வரியைச் சேர்க்கிறது. வெற்றி எதையும் சேர்ப்பதில்லை. என் காரியம் என் சாமர்த்தியத்தால் முடிந்தது என்கிறவன், தன்னை மறிக்காமல் விலகி நின்ற எண்ணிறந்த பொருள்களைக் கணக்கில் கொள்ளாமல் பேசுகிறான். அவற்றைக் கணக்கில் கொள்ள அவனால் முடியாது என்பதும் உண்மைதான்.

இனி முதலாளியின் கேள்விக்கு வருவோம். பூஜை போட்டும் காரியம் ஏன் நின்றது? 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அன்னம்பட்டர், இளம் மாணவர்களுக்காகத் தர்க்கசங்கிரகம் எழுதி, அதற்குத் தாமே செய்த தீபிகை என்னும் உரையில், முதல் சுலோகத்தைத் தாண்டுமுன்பே இதே ஆட்சேபத்தை எழுப்புகிறார். பாணபட்டர் மங்களம் பாடித்தான் காதம்பரியைத் தொடங்கினார். அதை முடிக்காமலே இறந்துபோக, மகன் எழுதி முடிக்க நேர்ந்தது. கிரணாவலி என்னும் நூலில் மங்களம் இல்லை, அது முடிந்தது. அன்வயமும் தவறுகிறது, வியதிரேகமும் தவறுகிறது. அவர் சொல்லும் விடை: காதம்பரிக்கு விக்கினங்கள் மிகுதி, செய்த மங்களம் போதவில்லை, கிரணாவலியின் ஆசிரியர் மங்களத்தை நூலுக்கு வெளியே செய்திருப்பார். நாஸ்திகர் நூல்கள் முடிவதற்கு அவர்கள் பூர்வஜன்மத்தில் செய்த மங்களத்தை அனுமானிப்பவர்களும் உண்டு. பெரியவர்கள்மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும், இந்த விடைகள் எனக்குத் திருப்தியளிப்பதில்லை. எந்த விளைவு நேர்ந்தாலும் பொருந்தக்கூடிய விடை எந்த விளைவையும் விளக்குவதாகாது. பூஜை போதவில்லை அண்ணாச்சி என்று இளைஞன் சொல்லியிருந்தால் முதலாளி அவனை அன்றே அனுப்பியிருப்பார், அவர் செய்தது நியாயமாகவும் இருந்திருக்கும்.

நவீன நையாயிகரின் விடை வேறு தரத்தது. மங்களத்தின் பலன் விக்கின நாசம் மட்டுமே. காரியத்தின் நிறைவேற்றமோ புத்தி, பிரதிபை முதலிய தன் சொந்தக் காரணங்களால் வருவது என்று அவர்கள் எல்லை வகுத்துவிட்டார்கள். பக்தி சிரத்தையுள்ள மனிதர்கள், தாம் போற்றும் கிரியையின் பலனைத் தாமே இப்படிக் குறுக்கிக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. விக்கினம் என்று அவர்கள் குறித்ததும் பாவத்தால் விளைகிற அதிருஷ்டம் என்னும் காணாத வினைப்பயனைத்தான். கண்ணால் படிக்கக்கூடிய 16384 என்ற எண்ணை அன்று. கண்ட காரணம் கிடைக்கும் இடத்தில் காணாத காரணத்தைக் கற்பிப்பது முறையன்று என்பது நையாயிகருக்கும் மீமாம்சகருக்கும் பொதுவான நீதி. ஆகவே அந்த எண்ணைப் பூஜை நீக்கவில்லையே என்று குறைகூறுவதும் தகாது. நீக்கியது என்று பெருமை கொள்வதும் தகாது. அதற்கு லாகைப் படிக்கிற கண்ணும் ஒரு வரி எழுதுகிற கையும் வேண்டும்.

அப்படியானால் கண்ட தடைகள் பெருகப் பெருக, காணாத தடைகளின் வட்டம் சுருங்கி, கடவுளுக்கு இடமே இல்லாமற் போகாதா என்று கேட்கலாம். சில மதங்களின் பாதுகாவலர்களை இந்தக் கேள்வி வெகுவாக வாட்டியிருக்கிறது. நையாயிகரை அது வாட்டாது. எல்லாக் காரியங்களுக்கும் பொதுவான காரணங்கள் என்று அவர்கள் எட்டு எண்ணுவார்கள்: ஈசுவரன், அவனுடைய ஞானம், இச்சை, முயற்சி, திக்கு, காலம், அதிருஷ்டம், காரியம் பிறக்குமுன் இருந்த அதன் இன்மை. ஒன்பதாவதாகப் பிரதிபந்தகத்தின், அதாவது தடையின், இன்மையைச் சேர்ப்பவர்களும் உண்டு. இந்தப் பட்டியலில் ஈசுவரன் நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். விளக்கம் கிடைக்காத இடங்களை அடைப்பதற்காக அவன் வரவில்லை. விளக்கம் கிடைத்த காரியத்துக்கும், கிடைக்காத காரியத்துக்கும், எஞ்சின் எழுந்ததற்கும், எரர் லாகில் அந்த வரி எழுதப்பட்டதற்கும் அவன் ஒரே தன்மையான பொதுக் காரணம். செக்டரின் அளவைக் கண்டுபிடித்ததால் அவனுக்கு ஓர் அங்குலமும் நஷ்டமில்லை. அதே சமயத்தில், ஈசுவரனையே முதலில் எண்ணிய பட்டியலில் தடையின்மையையும் தனியாக எண்ண வேண்டியிருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானுடைய தேரின் அச்சு, பிள்ளையாரை நினையாமல் புறப்பட்டதால் முறிந்தது என்று செங்கல்பட்டுப் பக்கத்து அச்சிறுபாக்கத்தில் தலவரலாறு சொல்லுகிறார்கள். சர்வ வல்லமையுள்ளவனுக்கும் தடையின்மை வேண்டியிருந்தது என்று கதை கட்டிய நம் முன்னோர், தர்க்கம் படிக்காமலே பட்டியலின் ஒன்பதாவது வரியை அறிந்திருந்தார்கள். யாக்ஞவல்கிய ஸ்மிருதியோ இன்னும் ஒருபடி சென்று, காரியங்களுக்கு விக்கினம் உண்டாக்குவதற்கென்றே விநாயகர் நியமிக்கப்பட்டார் என்கிறது; தடுப்பதும் தடையை விலக்குவதும் ஒரே தெய்வத்தின் கையில் இருக்கின்றன.

மிஞ்சுவது ஒரு சிறு சங்கை. விக்கினமே இல்லாத இடத்தில் ஒருவன் மங்களம் செய்தால் அதற்கு என்ன பலன்? 17-ஆம் நூற்றாண்டில் முக்தாவளி இயற்றிய விசுவநாத பஞ்சானனர் சுற்றி வளைக்காமல், ஒரு பலனும் இல்லை, அதை நாங்கள் இஷ்டமாகவே ஒப்புக்கொள்கிறோம் என்கிறார். பின் ஏன் செய்கிறார்கள் என்றால், விக்கினம் இருக்குமோ என்ற சந்தேகத்தால் செய்கிறார்கள். செய்யாத பாவத்தைச் செய்துவிட்டதாக மயங்கியவன் செய்யும் பிராயச்சித்தம் பயனற்றதானாலும் பிராயச்சித்தத்தை விதித்த சாஸ்திரம் பொய்யாகிவிடாததுபோல, இதுவும் பயனற்றுப்போவதால் வேதத்துக்கு ஹானி இல்லை என்பது அவர் கட்சி. இளைஞன் இனி வேறு கடைக்குப் போகும்போது, செட்டப்பைத் தொடுமுன் செக்டர் விவரத்தைக் கேட்டுப் பார்ப்பான், பெரும்பாலான மெஷின்களில் 4096 என்றோ 512 என்றோ வரும், கேட்டது வீணாகும், ஆயினும் கேட்பதை விடமாட்டான். அவன் கேட்பதும் அந்தக் கடைக்காரர் சூடம் காட்டுவதும் ஒரே சந்தேகத்தின் மேல் எழுந்த இரண்டு கிரியைகள்: ஒன்று பெயர் தெரிந்த தடையைக் குறித்தது, மற்றது பெயர் தெரியாத தடைகளைக் குறித்தது. சந்தேகத்தால் செய்யும் வணக்கம் வணக்கமாகுமா, வணங்குவதே பலனென்று வணங்குகிறவனல்லவா பக்தன் என்று பக்தி மார்க்கத்தார் ஆட்சேபிப்பார்கள். ஆட்சேபம் வலிமையானதுதான். ஆனால் பலனை விரும்பாதவனுடைய வணக்கத்தைப் பற்றி மங்களவாதம் பேச முன்வரவில்லை. காரியம் முடிய வேண்டும் என்று கவலைப்படுகிறவனைப் பற்றித்தான் அது பேசுகிறது, கடையில் சரக்கு இறங்கிக் காத்திருக்க, பில் போட முடியாமல் நிற்கிற முதலாளியும் அந்தக் கவலையுடையவர்தான்.